ஆவுடையப்பன் சாரின் பச்சை மைக் கையெழுத்து

தெற்கே, காற்றாலைகள் பனைகளைவிட உயரமாக நிற்கும் ஒரு பொட்டல்வெளியில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது; இப்போதும் இருக்கிறது, ஆனாலும் இப்படிப்பட்ட விஷயங்களைச் சொல்லும்போது இருந்தது என்று சொல்வதே எல்லோருக்கும் பாதுகாப்பு. அதன் விலங்கியல் துறையில் பேராசிரியர் ஆவுடையப்பன், நன்னீர் நத்தைகளை முப்பத்தோரு ஆண்டுகள் ஆராய்ந்து, இருபத்தேழு பேருக்கு முனைவர் பட்டம் வாங்கிக்கொடுத்து, ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கையில் ஒரு மார்கழிக் காலையில் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். துறைக்கு விடுமுறை விட்டார்கள், மாலை வைத்தார்கள், இரங்கல் கூட்டத்தில் துணைவேந்தர் அவரை நத்தைகளின் தந்தை என்றார். நத்தைகளில் பலவற்றுக்குத் தந்தை, தாய் என்ற பிரிவே கிடையாது என்பதை அந்த இடத்தில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவருடைய மாணவர்கள் ஐந்து பேரும் தங்கள் அரையாண்டு முன்னேற்ற அறிக்கைகளைப் பழக்கதோஷத்தால் அவர் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது ஐந்திலும் கையெழுத்து இருந்தது. பச்சை மை இன்னும் காயவில்லை.

பழக்கதோஷம் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டும். ஆவுடையப்பன் சார் மதியம் ஒரு மணிக்குத் தயிர்சாதம் சாப்பிட்டு, அரை டம்ளர் ஓமத்தண்ணீர் குடித்து, கதவைச் சாத்திக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர். அந்த ஒரு மணி நேரம் அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது. காகிதங்களை அவருக்கு முன்னால் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் அடிப்பகுதி மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் தெரிய வேண்டும், கையெழுத்து விழவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட வேண்டும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பது அடுக்கியவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். இந்த முறையில் அவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு கையெழுத்துப் போடுவார். இறந்த பிறகு பதினான்கு போட்டார் என்று ஒரு மாணவன் கணக்கிட்டான். வெளியே நின்று பேனாச் சத்தத்தை எண்ணிய கணக்கு என்பதால் அதை அப்படியே ஏற்க முடியாது.

பயந்தார்களா என்றால், முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு மாணவி விடுப்புக் கடிதம் வைத்துப் பார்த்தாள், கிடைத்தது. மூன்றாம் வாரம் அடுத்த மாடியிலிருந்து தாவரவியல் மாணவர்கள் வந்தார்கள், நான்காம் வாரம் தங்கள் வழிகாட்டி அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்ததால் பொருளியல் மாணவர்கள் இருவர் வந்தார்கள், அவர்களுக்கும் கிடைத்தது. ஆய்வுப் பிரிவு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் ஜமால் முகைதீன், இருபத்தாறு வருட அனுபவத்தில் ஒரு கோப்பையும் காரணமில்லாமல் திருப்பியனுப்பாத மனிதர், விதிமுறை நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு, வழிகாட்டி ஓய்வுபெற்ற பின்னும் தான் பதிவுசெய்த மாணவர்கள் முடிக்கும்வரை தொடரலாம் என்று இருக்கிறது, உயிரோடு தொடர வேண்டும் என்று எங்கும் இல்லை என்று குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புக்குப் பதிவாளர் ஒப்புதல் அளித்தார். ஆவுடையப்பன் சாரின் அறையை யாருக்கும் ஒதுக்கவில்லை. அலுவலக உதவியாளர் தினமும் பன்னிரண்டே முக்காலுக்குக் கதவைத் திறந்து, மின்விசிறியை இரண்டில் வைத்து, ஓமத்தண்ணீரை மூடி வைத்துவிட்டுப் போனார். மாலையில் டம்ளர் நிறைந்தே இருக்கும், ஆனால் அதில் ஓமத்தின் வாசனை மட்டும் இருக்காது.

இந்த ஏற்பாட்டில் மிகவும் மகிழ்ந்தது இளம் ஆய்வாளர் மேம்பாட்டு மையம். அதன் ஒருங்கிணைப்பாளர் முனைவர் ரெஜினா, நல்லவர், மாணவர்கள் அழுதால் தானும் அழுகிறவர், வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்: நேர மேலாண்மை, நேர்காணலில் அமரும் முறை, மன அழுத்தமும் மூச்சுப் பயிற்சியும். அந்த வரிசையில் இப்போது வழிகாட்டியுடன் இணக்கம் என்று ஒரு வகுப்பைச் சேர்த்து, அதில் காகிதம் அடுக்கும் முறையைத் திரையில் படம் போட்டு விளக்கினார். முடிவில் சான்றிதழ் கொடுத்தார்கள், அதிலும் ஆவுடையப்பன் சாரின் கையெழுத்து இருந்தது. வளாகத்தில் உயிரோடு இருந்த மற்ற வழிகாட்டிகளைவிட இவர் எளிதில் கிடைக்கிறார் என்று கருத்துப் படிவத்தில் பலர் எழுதினார்கள். ரெஜினா அதை ஆண்டறிக்கையில் சேர்த்தார்.

இப்படி இரண்டரை ஆண்டு போயிற்று. அந்த இரண்டரை ஆண்டில் அவர் கையெழுத்துப் போட மறுத்த ஒரே காகிதம் பேராச்சியினுடையது.

பேராச்சி அவருடைய மாணவர்களில் மூத்தவள், முப்பத்து நான்கு வயது, சேற்றை முகர்ந்து பார்த்தே எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று சொல்லக் கூடியவள். அவளுடைய ஆய்வேடு ஆனைமுடக்கிக்குளத்து நத்தைகளைப் பற்றியது. ஆவுடையப்பன் சாரின் பேரும் புகழும் அந்தக் குளத்திலிருந்துதான் தொடங்கின: இருபத்தாறு வயதில், ஒரு கோடையில், அதுவரை இந்தப் பக்கம் யாரும் கண்டிராத ஓர் இனத்தில் நாற்பத்திரண்டு நத்தைகளை அங்கே எண்ணியதாக ஓர் அட்டவணை வெளியிட்டார். அவருக்குப் பின் நான்கு மாணவர்கள் அதே குளத்தில் இறங்கி முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, மறுபடியும் நாற்பத்தொன்று என்று கண்டெடுத்துப் பட்டம் வாங்கினார்கள். ஐந்தாவதாக இறங்கிய பேராச்சிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சல்லடையை மாற்றினாள், பருவத்தை மாற்றினாள், கால் வெடித்துப் புண்ணாகும்வரை மூன்று வருடம் அரித்தாள். மற்றவர்களுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்றால் தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பி ஒருமுறை கண் மருத்துவரையும் பார்த்தாள். கடைசியில் பொதுப்பணித் துறையின் பழைய நீர்மட்டப் பதிவேட்டில், அவர் நத்தை எண்ணிய அந்த ஆண்டு கரை உடைந்து, மாசியிலிருந்து ஐப்பசிவரை ஆனைமுடக்கிக்குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதைக் கண்டாள். அதை எழுதினாள். அது நான்காம் இயல்.

பதிவுக்காலம் ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள், இந்த ஆய்வேட்டை நான் வாசித்தேன் என்று வழிகாட்டி கையெழுத்திட்ட சான்றுப் பக்கம் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அவள் உழைத்த எட்டு வருடமும் இல்லாததாகிவிடும். முதலிலிருந்து பதிவுசெய்ய வயது வரம்பு இடம் கொடுக்காது. ஜூன் பன்னிரண்டாம் தேதி அவள் சான்றுப் பக்கத்தை அடுக்கில் வைத்தாள். மற்ற நான்கு பேர் காகிதங்களிலும் பச்சை மை இருந்தது, அவளுடையதில் பென்சில் குறி மட்டும் இருந்தது. மறுநாள் நடுவில் வைத்தாள். மறுநாள் அடியில் வைத்தாள். பேனா ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போயிற்று. தலைப்பில் மறு ஆய்வு என்ற சொல் இருப்பதுதான் காரணம் என்று யாரோ சொல்ல அதையும் எடுத்துவிட்டு வைத்தாள், அப்போதும் தாண்டியது. எதையும் வாசிக்காத மனிதர் ஒன்றை மட்டும் வாசிக்காமலே மறுக்கிறார் என்றால், அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு முன்பே தெரியும் என்றுதானே அர்த்தம். துறை முழுவதும் அந்த அர்த்தத்தைப் புரிந்துகொண்டது. புரிந்துகொண்டதும் பேராச்சியிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டது.

ரெஜினா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பிஸ்கட் கொடுத்து, நான்காம் இயலைத் தூக்கிவிடும்படி சொன்னார். பட்டம் வாங்கியபின் அதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம் என்றார். அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பேராச்சி கேட்டாள். ரெஜினா பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னோட அஞ்சாவது இயல் எங்க வீட்டு பீரோல இருக்கு பேராச்சி. பதினாறு வருசமாச்சு. மழைக்காலத்துல துணிக்கு நடுவுல ஒரு வாடை வரும், அதுதான்னு நெனச்சுக்குவேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பேராச்சி அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். இல்லை என்று உடனே சொல்ல முடியவில்லை. அந்த வளாகத்தில் இரண்டரை ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த விஷயத்தில் ஒரு தயக்கம் வந்துவிட்டிருந்தது.

தன்னால் முடிந்தது ஒன்றுதான் என்று அவள் முடிவு செய்தாள். அவரிடமே நேரில் கேட்பது. மதிய நேரத்தில் அறைக்குள் இருப்பது. இதைக் கேள்விப்பட்டதும் அவளுக்கு அடுத்த மாணவனான செல்வின் நூலகப் படிக்கட்டில் அவளை மறித்துக்கொண்டான். அவனுக்கு நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை உறுதியாகியிருந்தது, செப்டம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால். வழிகாட்டியை மாற்ற விண்ணப்பித்தால் கோப்பு ஒன்றரை வருடம் சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் மாணவனை எடுத்துக்கொள்ள எந்தப் பேராசிரியரும் முன்வருவதில்லை.

"அக்கா, செப்டம்பர் வரைக்கும் பொறுங்க. அதுக்குப் பெறவு அவருட்ட என்ன வேணாலும் கேளுங்க. இப்ப கேட்டு, அவரு பாட்டுக்கு எந்திச்சுப் போயிட்டாருன்னா எங்க கதி?"

"எனக்கு முப்பதாம் தேதியோட முடியுதுல்லா செல்வின்."

"அப்ப அந்த நாலாவது இயல எடுத்துருங்க."

"எடுத்தா மிச்சம் என்னடே இருக்கு?"

"பட்டம் இருக்கும்லாக்கா."

இதில் கேலி எதுவும் இல்லை, அவன் உண்மையாகவே சொன்னான். அவனும் ஆனைமுடக்கிக்குளத்தில் வேலை செய்தவன்தான். அவனுடைய அட்டவணையில் எத்தனை நத்தைகள் இருக்கின்றன என்று பேராச்சி கேட்டாள். அவன் படிக்கட்டில் ஓரமாக விலகி வழிவிட்டான்.

ஜூன் முப்பது வெள்ளிக்கிழமை. நான்கு மாணவர்களின் காகிதங்கள் மேசையில் அடுக்கியிருந்தன. பேராச்சி இருநூற்றுப் பதினான்கு பக்க ஆய்வேட்டை முழுதாக, சரிக்காமல், நாற்காலிக்கு நேர் எதிரே வைத்தாள். பிறகு வெளியே போகவில்லை. எட்டு வருடமாக உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்தாள். அலுவலக உதவியாளர் அவளைப் பார்த்தார், மின்விசிறியை இரண்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒன்று பத்துக்கு ரெக்சின் நாற்காலி மெதுவாக மூச்சுவிட்டு அமுங்கியது. ஓம வாசனை வந்தது. பேனாவின் மூடி கழன்று மேசையில் உருளாமல் நின்றது, பேனா எழுந்து முதல் பென்சில் குறியை நோக்கிப் போயிற்று. பேராச்சி நான்கு பேர் காகிதங்களையும் இரு கைகளாலும் வாரி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தான் செய்வது என்ன என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பேனா காற்றில் நின்றது.

"இன்னைக்கு இது மட்டும் சார்," என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோலப் பேசினாள்.

"நான் உங்களைப் பிடிக்க வரலை சார். மூணு வருசம் அந்த நாப்பத்திரண்டு நத்தையத் தேடினேன். ஒண்ணுகூடக் கெடைக்கல. எனக்கு இந்தப் படிப்பு லாயக்கில்லைன்னு நெனச்சேன். நீங்க பாத்தது என் கண்ணுக்கு மட்டும் படமாட்டேங்குதேன்னு அழுதிருக்கேன், இதே முக்காலியில. நீங்க ஜன்னலப் பாத்துட்டு இருந்தீங்க. ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கோடையில கொளத்துல தண்ணி இருந்துச்சா சார்?"

பேனா கீழே இறங்கி மேசையில் படுத்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் காகிதங்கள் அசையவில்லை. பிறகு ஆய்வேட்டின் அட்டை திறந்தது, முதல் பக்கம் புரண்டது, நன்றியுரை புரண்டது, பொருளடக்கம் புரண்டது, முன்னுரையின் முதல் பக்கத்தில் வந்து நின்று, ஒரு மனிதன் ஒரு பக்கத்தை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்று, அடுத்த பக்கம் புரண்டது. இரண்டு மணி ஆயிற்று, உதவியாளர் வந்து கதவில் கை வைத்து, வைத்த கையை எடுத்துக்கொண்டார். இரண்டே முக்காலுக்கு இரண்டாம் இயல் முடிந்தது. தாழ்வாரத்தில் ஆட்கள் சேரச் சேரச் சத்தம் குறைந்துகொண்டே போயிற்று. சிலர் பழக்கத்தால் செருப்பைக் கழற்றினார்கள். ரெஜினா வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். தாழ்வாரத்து ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்த இடைவெளி உண்டு, அதில் செல்வின் கண்ணை வைத்துக்கொண்டு நின்றான், என்ன நடக்கிறது என்று மற்றவர்கள் கேட்டதற்குக் கையால் பொறுங்கள் என்று காட்டினான், அரை மணிக்கொருமுறை அதே கையைக் காட்டினான்.

நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் நீர்மட்டப் பதிவேட்டின் நகல் இருந்தது. அங்கே பக்கம் வெகுநேரம் புரளவில்லை. நாற்காலியின் கைப்பிடி ரெக்சினில் ஐந்து விரல்களின் குழி விழுந்து, அப்படியே இருந்தது. பேனா எழுந்தது. ஓரத்து வெள்ளை இடத்தில், அவள் அதுவரை பார்த்திராத சின்ன எழுத்துகளில் எழுதியது:

தண்ணீர் இல்லை. என் வழிகாட்டி வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை கேட்டார். கேட்டிருக்கலாம், அவகாசம். பயமாக இருந்தது.

அதற்குப் பிறகும் மீதி எண்பத்து மூன்று பக்கங்களை அது விடவில்லை. ஒன்றில் ஓர் அளவீட்டைத் திருத்தியது, திருத்தம் சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கம் புரண்டதும் சான்றுப் பக்கம் தானாக முன்னால் வந்தது, பேனா பென்சில் குறிக்கு மேல் வழக்கமான சுழியைப் போடாமல், முழுப் பெயரையும், ஒவ்வோர் எழுத்தாக, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதல் நாள் வருகைப் பதிவேட்டில் எழுதுவதுபோல எழுதியது. ரெக்சின் நாற்காலி அமுங்கியதிலிருந்து எழும்பியது. ஓம வாசனை மட்டும் சற்று நேரம் தங்கி, டம்ளருக்குத் திரும்பிப் போயிற்று.

மணி நாலேகால். பேராச்சி வெளியே வந்தபோது தாழ்வாரம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அவள் மடியில் வைத்திருந்த நான்கு பேர் காகிதங்களையும் செல்வினிடம் கொடுத்தாள். நான்கிலும் பென்சில் குறிகள் அப்படியே இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்பி அறைக்குள் போய் மேசையில் மறுபடியும் ஓடு வேய்வதுபோல அடுக்கி வைத்துவிட்டு, வெளியே நின்று கதவில் காதை வைத்தான். பத்து நிமிடம் நின்றான். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டான்.

நாலே முக்காலுக்கு ஜமால் முகைதீன் சான்றுப் பக்கத்தை வாங்கி, கோப்பிலிருந்த மாதிரிக் கையெழுத்துக்கு அருகில் வைத்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"பொருந்தலையேம்மா. இருபத்தஞ்சு வருசமா அவர் கையெழுத்தப் பாக்குறேன். இது அவருது இல்ல."

அவர்தான் போட்டார் என்று பேராச்சி சொன்னாள். தானே பார்த்ததாகச் சொன்னாள். விண்ணப்பதாரரின் சாட்சி செல்லாது என்று ஜமால் முகைதீன் வருத்தத்தோடு சொன்னார். அவருக்கு வருத்தம் இருந்தது, விதியும் இருந்தது. வழக்கமான முறையில் ஒன்று வாங்கிவர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். சுவரில் கடிகாரம் நாலு ஐம்பத்திரண்டு காட்டியது. ஐந்து மணிக்கு வரவுப் பதிவேட்டை மூடிக் கோடு போட வேண்டும், அவர் அளவுகோலை எடுத்து அருகில் வைத்துக்கொண்டார். பேராச்சி முகப்பு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பிளந்த குதிகால்களை வரிசையில் பின்னால் நின்ற யாரும் பார்த்திருக்கலாம்.

வரிசையில் பின்னால் நின்றது செல்வின்.

"நான் சாட்சி சார்," என்றான். "ஜன்னல் வழியா பாத்தேன்."

"அவர் கையெழுத்துப் போட்டத உன் கண்ணால பாத்தியா?"

செல்வின் யோசித்தான். ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த நேரத்தில் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்ததால் பேனா தெரியவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

"இல்ல சார்," என்றான். "அவரு படிச்சதப் பாத்தேன். முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாரு. மூணு மணி நேரம்."

ஜமால் முகைதீன் சான்றுப் பக்கத்தை மறுபடி எடுத்து, இந்த முறை கையெழுத்தை விட்டுவிட்டு அதற்கு மேலே அச்சிட்டிருந்த வாசகத்தை, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, உதடு அசைய வாசித்தார். இந்த ஆய்வேட்டை நான் முழுமையாக வாசித்தேன் என்று அதில் இருந்தது. செல்வினிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். முத்திரையை மையில் ஒற்றி ஒருமுறை ஊதிவிட்டு அழுத்தி, ரசீது கொடுத்தார். பேராச்சி ரசீதை இரண்டாக மடிக்கக்கூடத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

செல்வின் நகரவில்லை. வழிகாட்டி மாற்ற விண்ணப்பம் ஒன்று வேண்டும் என்று கேட்டான். ஜமால் முகைதீன் மேசை இழுப்பறையின் அடியிலிருந்து, யாரும் கேட்காததால் ஓரம் பழுத்துப்போன படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவன் நின்றபடியே பெயர் எழுதினான், பதிவு எண் எழுதினான், மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, வழிகாட்டி காலமாகிவிட்டார் என்று எழுதினான். இரண்டரை ஆண்டில் அந்த வளாகத்தில் அந்த வாக்கியத்தை எவரும் எழுதியிருக்கவில்லை. அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

அடுத்த கட்டத்தில் காலமான நாள் என்று கேட்டிருந்தது. அவன் பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதுல எந்தத் தேதி சார் போட?"

ஜமால் முகைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாடியில் யாரோ ஓர் அறையைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்குத் தேதியப் போடுப்பா," என்றார்.